கறுத்ததெல்லாம் எண்ணெயல்ல

2002-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாக் கரைக்கு அப்பால் கடும் புயலில் அகப்பட்ட ‘பிரெஸ்டீஜ்’ என்னும் எண்ணெய்க் கப்பலின் தொட்டி ஒன்று பிளந்துகொள்ள, அது சுமந்துவந்த 77,000 டன் கனத்த எரியெண்ணெயில் ஒரு பகுதி கடலில் கொட்டத் தொடங்கிற்று. காயம்பட்ட அந்தக் கப்பலைத் தன் துறைமுகத்துக்குள் அனுமதிக்க எந்த அரசாங்கமும் துணியவில்லை. கரையைவிட்டு எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்துச் செல்லப்பட்டு, ஆறு நாள் தத்தளித்து, 19-ஆம் தேதி இரண்டாக முறிந்து மூழ்கியது. இடையில் 17-ஆம் தேதியன்று, அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் விண்ணில் ஏவப்பட்டிருந்த ‘என்விசாட்’ என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் அந்தக் கடற்பிரதேசத்தின்மீது பறந்து ஒரு ராடார் படம் எடுத்தது. மேகமும் புயலும் மனிதக் கண்ணை மறைத்திருந்த அந்த வேளையில், கப்பல் தத்தளித்துச் சென்ற வழியெல்லாம் எண்ணெய் ஒரு கரிய வாலாக நீண்டு கிடந்ததை அந்தப் படம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

ஐயத்துக்கிடமின்றி என்று எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தில் ஐயம் எழாமற்போனதற்குக் காரணம், எங்கே கப்பல் இருக்கிறது, அது எதைக் கொட்டுகிறது என்பது முன்னமே உலகத்துக்குத் தெரிந்திருந்ததுதான். பேர்தெரியாத ஒரு கப்பல், நடுநிசியில், ஒருவரும் காணாத இடத்தில், தன் அடித்தட்டில் தேங்கிய எண்ணெய்க் கழிவைக் கடலில் திறந்துவிட்டுப் போகும்போது, மறுநாள் விடியலில் செயற்கைக்கோள் அனுப்பும் படத்திலும் அதே கரிய வால் இருக்கலாம். ஆனால் அதன் பக்கத்திலேயே, எண்ணெயோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத வேறு இருபது முப்பது கரும்புள்ளிகளும் இருக்கும். அவற்றுள் எது எண்ணெய் என்று தீர்மானிப்பதுதான் இந்தச் சாஸ்திரத்தின் முழு வித்தையும். பார்ப்பது யந்திரத்தின் காரியம். பார்த்ததை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது புள்ளியியலின் காரியம். செய்தித்தாள்கள் முன்னதைப் புகழ்கின்ற அளவுக்குப் பின்னதைக் கவனிப்பதில்லை.

பெரிய விபத்துகள்தான் நம் நினைவில் தங்குகின்றன. 1967-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கருகே பாறையில் மோதிய ‘டோரி கேன்யன்’ கப்பலையும், சிந்திய எண்ணெயை எரிப்பதற்காக அதன்மீது குண்டு போட்ட விமானப் படையையும் பற்றி உலகமெல்லாம் படித்தது. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் ‘மார்ப்போல்’ சர்வதேச உடன்படிக்கை 1973-இலும், அதன் திருத்தம் 1978-இலும் உருவானதற்கு அந்த விபத்து ஒரு முக்கிய தூண்டுதல். எண்ணெய்க் கப்பல்களிலிருந்து 7 டன்னுக்கு மேல் சிந்திய சம்பவங்கள் 1970-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 என்றிருந்தன. 2010-களில் அவை ஆறு, ஏழு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் அதே உடன்படிக்கையின்படி இயந்திர அறைக் கழிவுநீரில் பத்து இலட்சம் பங்குக்கு 15 பங்குக்கு மேல் எண்ணெய் கலந்திருந்தால் அதைக் கடலில் விடக்கூடாது என்றிருக்க, பிரித்தெடுக்கும் கருவியை இயக்கும் செலவையும், துறைமுகத்தில் கழிவை ஒப்படைக்கும் கட்டணத்தையும் மிச்சம் பிடிக்க நினைக்கும் மாலுமிகள் இருக்கிறவரையில், கணக்கில் வராத சிறு சிறு கொட்டல்கள் ஓயப்போவதில்லை. வானத்திலிருந்து தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

எண்ணெய் கடலில் ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்பதை விளங்கிக்கொள்ள, ராடாருக்கு வெகுகாலம் முந்திய ஒரு பரிசோதனையைப் பார்க்கலாம். அமெரிக்க ராஜதந்திரியும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் பிராங்க்ளின், கப்பற் பயணமொன்றில், சமையற்காரர்கள் கொட்டிய கொழுப்புநீர் பரவிய இடத்தில் கப்பலின் பின்தடம் அலையடங்கி வழவழப்பாக இருப்பதைக் கண்டு வியந்தவர். பின்னர் லண்டனில் கிளாப்பம் பொதுவெளியிலுள்ள குளமொன்றில், காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டுப் பார்த்தார். எண்ணெய் விரைந்து பரவி, அரை ஏக்கர் அளவுக்குக் குளத்தைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டது. 1774-இல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் இதை அவர் விவரித்தார். ஒரு தேக்கரண்டி எண்ணெயை அரை ஏக்கருக்குப் பகிர்ந்து கணக்கிட்டால் கிடைக்கும் தடிமன் ஏறத்தாழ ஒரு மூலக்கூற்றின் நீளமே என்பதைப் பிராங்க்ளின் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூலக்கூற்றின் அளவை முதன்முதல் அளந்தவர் என்ற கீர்த்தியும் அவருக்கே சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டிய செய்தி வேறு: கண்ணுக்குத் தென்படாத அளவுக்கு மெல்லிய படலமும் நீரின் மேற்பரப்பிலுள்ள சின்னஞ்சிறு அலைகளை அடக்கிவிடும்.

அந்தச் சின்னஞ்சிறு அலைகளைத்தான் ராடார் பார்க்கிறது. செயற்கைக்கோள் தன் கீழே நேராகப் பாராமல், சரிவாக ஒரு பக்கம் நோக்கி நுண்ணலைக் கிரணத்தை அனுப்புகிறது. கடல் முற்றும் வழவழப்பாக இருந்தால் அந்தக் கிரணம் எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது, படத்தில் அவ்விடம் இருளாக விழும். காற்று வீசிக் கடலின்மேல் சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகளை எழுப்பியிருந்தால், அவற்றுள் குறிப்பிட்ட ஒரு நீளமுள்ளவை மட்டும் ராடார் அலையோடு இயைந்து, அதில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஐரோப்பாவின் ‘சென்டினல்-1’ செயற்கைக்கோள் சுமார் 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் ராடார் அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. சாய்வுக் கோணம் 30 பாகையாக இருந்தால் அதோடு இயையும் கடலலையின் நீளமும் அதே ஐந்தரை சென்டிமீட்டர்தான். நம் கையில் மூன்று விரற்கடை அகலமுள்ள அலை, எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, இருளிலும் மேகத்தினூடும் அளக்கப்படுகிறது. எண்ணெய் பரவிய இடத்தில் அந்த அலை இல்லை. ஆகவே அவ்விடம் கறுப்பு. ராடார் எண்ணெயைப் பார்ப்பதே இல்லை. இருந்திருக்க வேண்டிய அலை இல்லாதிருப்பதை மட்டுமே பார்க்கிறது.

இதிலிருந்தே இந்த முறையின் சகல சங்கடங்களும் பிறக்கின்றன. முதலாவது, காற்று வேண்டும். விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்குக் குறைவாகக் காற்று வீசும்போது கடல் தானாகவே வழவழத்து எங்கும் கறுத்துக் கிடக்கும். எண்ணெய் வேறு நீர் வேறு என்று பிரிக்க வழியில்லை. விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேற்பட்டால் அலைகள் படலத்தைக் கிழித்து எண்ணெயை நீருக்குள் கலக்கிவிடும், கறுப்பு மறைந்துபோகும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட காற்றில்தான் தேடல் சாத்தியம். ‘பிரெஸ்டீஜ்’ சிந்தியதைப்போல் கனத்த எண்ணெய் திரளாகக் கிடந்தால் பலத்த காற்றிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மெல்லிய படலம் தாக்குப்பிடிக்காது.

இரண்டாவது சங்கடம் பெரிது. சிற்றலைகளை அடக்க எண்ணெய் ஒன்றுதான் வல்லது என்பதில்லை. கடலில் வாழும் நுண்ணுயிர்களும் மீன்களும் கசியவிடும் கொழுப்புப் பொருள்கள் மேலே மிதந்து, பிராங்க்ளினின் தேக்கரண்டி எண்ணெயைப்போலவே மெல்லிய ஏடாகப் படிகின்றன. உயிர்வளம் மிகுந்த நீரில், காற்று மெல்ல வீசும் காலத்தில், இவை மைல்கணக்கில் சுருள்சுருளாகக் கிடக்கும். மலையோ தீவோ காற்றை மறைக்குமிடத்தில் ஒரு கரிய நிழல் விழும். மழைத்தாரை விழும் இடம் ஒரு கரும் வட்டம். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும் இடத்தில், மேலேயுள்ள காற்று நிலைபெற்று அலை எழாமற்போவதால் அதுவும் கறுப்பு. அந்தமான் கடலில் நீருக்கடியே பிரயாணம் செய்யும் பேரலைகள் மேற்பரப்பில் வெளிச்சமும் இருளுமாக மாறிமாறி வரிகளை எழுதுகின்றன. வடதுருவத்தை அடுத்த கடல்களில் புதிதாக உறையும் குழம்புப் பனியும் எண்ணெயைப்போலவே நடிக்கும். இவற்றையெல்லாம் அத்துறை வல்லுநர்கள் போலிகள் என்றே வகைப்படுத்துகிறார்கள். எண்ணிக்கையில் மெய்யான எண்ணெய்ப் படலங்களைவிட இந்தப் போலிகளே பன்மடங்கு அதிகம்.

ராடார் படத்தைப் புகைப்படத்தைப்போல் எண்ணிக்கொண்டு பார்க்கிறவருக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். படம் முழுதும் உப்பும் மிளகும் தூவியதைப்போல் புள்ளிமயமாக இருக்கும் — அவ்வளவு இரைச்சல். ஒவ்வொரு படப்புள்ளிக்குள்ளும் அடங்கிய பல அலைமுகங்களிலிருந்து திரும்பும் கிரணங்கள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விடுவதால், ஒரே தன்மையுள்ள கடற்பரப்பிலேயே ஒரு புள்ளி மிக வெளிச்சமாகவும் அடுத்தது இருளாகவும் விழுகிறது. ஒற்றைப் பார்வையில் எடுத்த படத்தில் இந்த ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் சராசரிக்கே சமம் என்று சொன்னால், நிலைமை எவ்வளவு மோசம் என்பது கணிதம் அறிந்தவருக்குப் புரியும். இதற்குப் பரிகாரம் சராசரி எடுப்பதுதான்: நான்கு சுதந்திரமான அளவைகளைச் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும், பதினாறைச் சேர்த்தால் கால்பங்காகும்; ஆனால் சேர்க்கச் சேர்க்கப் படத்தின் நுணுக்கம் மங்கும், ஒல்லியான எண்ணெய்க் கீற்று அந்தச் சராசரிக்குள் கரைந்தே போய்விடும். எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு.

அடுத்த படி, கறுப்பு என்பதற்கு இலக்கணம் வகுப்பது. படம் முழுவதுக்கும் ஒரே எல்லைமதிப்பை வைத்தால் நடவாது. செயற்கைக்கோளுக்கு அண்மையிலுள்ள பகுதி எப்போதும் வெளிச்சமாகவும் சேய்மையிலுள்ளது மங்கலாகவும் இருக்கும், காற்றும் இடத்துக்கிடம் மாறும். ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, சுற்றுவட்டாரத்தின் சராசரியைவிட இத்தனை பங்கு குறைந்தால் அது கறுப்பு என்று கொள்கிறார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்த கரும்புள்ளி ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு ஜாதகம் கணிக்கப்படுகிறது: அதன் விஸ்தீரணம் என்ன, சுற்றளவு என்ன, நீண்டு ஒடுங்கியதா உருண்டதா, விளிம்பு கூரியதா கரைந்து மங்குகிறதா, உள்ளே இருள் எத்தனை சீரானது, அயலிலுள்ள கடல் எத்தனை சீரானது, பக்கத்தில் இன்னும் எத்தனை கரும்புள்ளிகள், அருகில் கப்பலோ எண்ணெய்க் கிணறோ உண்டா, அன்று காற்று எப்படி. ஓடும் கப்பல் கொட்டிய எண்ணெய் நேர்க்கோடாக நீண்டு, ஒருபுறம் விளிம்பு கூர்மையாகவும், காற்று தள்ளும் மறுபுறம் பிசிறாகவும் இருக்கும்; காற்றடங்கிய இடமோ பெரிதாய், உருவற்றதாய், விளிம்பு மங்கியதாய்க் கிடக்கும். இந்த லட்சணங்களில் எதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லப் போதாது. எல்லாவற்றையும் சேர்த்து, முன்னர் தெரிந்த எண்ணெய்ப் படலங்களின் கூட்டத்துக்கு இது அருகிலிருக்கிறதா, போலிகளின் கூட்டத்துக்கா என்று தூரம் பார்த்துத்தான் முடிவு கட்டவேண்டும்.

கானடாவில் குபாட், ஹோல்ட், மாட்வின் என்ற மூன்று கணினி ஆய்வாளர்கள் இந்தக் காரியத்தை யந்திரத்துக்குப் பழக்க முயன்று, 1998-இல் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை ஒன்பதே படங்கள். அவற்றிலிருந்து பிரித்த கரும்புள்ளிகள் 937. அவற்றுள் எண்ணெய் என்று வல்லுநர் உறுதி சொன்னவை 41 மட்டும். மீதி 896-ம் போலிகள். இங்கே யோசித்துப் பாருங்கள்: எந்தப் படத்தையும் கண்ணெடுத்தும் பாராமல், ‘எல்லாம் போலி’ என்று ஒரே பாட்டாய்ச் சொல்லும் சோம்பேறி யந்திரம் ஒன்று, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியான விடை சொன்னதாகக் கணக்காகும். அரிசியில் கல் பொறுக்க உட்காரும் பெண், முறத்திலிருப்பது முழுதும் அரிசியே என்று சொல்லி எழுந்துவிட்டாலும் அவள் சொன்னது பெரும்பாலும் மெய்தான். சாப்பிடுகிறவனுடைய பல் அதை ஒப்புக்கொள்ளாது. ஆகவே, மொத்தத்தில் எத்தனை சரி என்ற அளவுகோலை அந்த ஆய்வாளர்கள் கைவிட்டு, எண்ணெயில் எத்தனை பங்கைப் பிடித்தது, போலியில் எத்தனை பங்கை விலக்கியது என்ற இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பெருக்கி, ஒன்று சுழியானால் முழுதும் சுழியாகும்படியான ஓர் அளவுகோலை வைத்தார்கள். அபூர்வமானதைத் தேடும் எந்தக் காரியத்துக்கும், நோய் கண்டறிவதற்கும் வங்கி மோசடி பிடிப்பதற்கும்கூட, இந்தச் சிறு கட்டுரை இன்றளவும் மேற்கோளாகிவருவது காரணமின்றியல்ல. யந்திரத்துக்குக் கற்பிப்பவர்கள் விளம்பரப்படுத்தும் சதவீதங்களை வாசகர்கள் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

மறு ஆண்டில், 1999-இல், நார்வேயைச் சேர்ந்த ஆன் ஸோல்பெர்க்கும் அவருடைய சகாக்களும் ஐரோப்பிய ஈ.ஆர்.எஸ். செயற்கைக்கோள்களின் படங்களைக்கொண்டு ஒரு முறையை வகுத்தார்கள். லட்சணங்களின் பரவலைப் புள்ளியியல் மாதிரியாகவும், மீனவனும் மாலுமியும் அனுபவத்தில் அறிந்ததைப்போன்ற விஷயங்களை விதிகளாகவும் கலந்த அந்த முறை, எண்ணெய்ப் படலங்களில் நூற்றுக்கு 94-ஐயும், போலிகளில் நூற்றுக்கு 99-ஐயும் சரியாக இனங்கண்டது. கேட்க மிகவும் நன்றாக இருக்கிறது. இதையே ஒரு கற்பனைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். பத்தாயிரம் கரும்புள்ளிகள் வருகின்றன என்றும், அவற்றுள் நூறுதான் எண்ணெய் என்றும் கொள்வோம். நூறில் 94 பிடிபடும். மீதியுள்ள 9,900 போலிகளில் நூற்றுக்கு ஒன்று தவறினால் அதுவே 99. ஆக யந்திரம் எழுப்பும் கூக்குரல்கள் 193, அவற்றுள் மெய்யானவை 94, பாதிகூட இல்லை. இப்போது அதே யந்திரத்தை, எந்நேரமும் கப்பல்கள் வரிசைகட்டிச் செல்லும் ஒரு பாதைக்கு மேலே வைத்து, அங்கே பத்துக்கு ஒன்று எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், 1,030 கூக்குரல்களில் 940 மெய்யாகும். பத்துக்கு ஒன்பதுக்கு மேல். யந்திரம் மாறவில்லை, படம் மாறவில்லை; தேடத் தொடங்குமுன் அவ்விடத்தில் எண்ணெய் இருக்க எவ்வளவு சாத்தியம் என்ற முன்னறிவு மாறியது, அவ்வளவே. பதினெட்டாம் நூற்றாண்டில் தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதிவைத்துச் சென்ற தேற்றத்துக்கு, கடலின்மேல் இதைவிட நேரான உபயோகம் வேறு கிடைப்பது அரிது.

இதனால்தான் இத்துறையில் நெடுங்காலம் அனுபவப்பட்ட ஸ்தாபனங்கள் யந்திரத்தின் சொல்லை மட்டும் நம்பிப் படகை அனுப்புவதில்லை. ஐரோப்பியக் கடற்பாதுகாப்பு நிறுவனம் 2007-இல் தொடங்கிய ‘கிளீன்சீநெட்’ சேவையில், செயற்கைக்கோள் கடந்துபோன அரைமணி நேரமளவில் எச்சரிக்கை கடலோர நாடுகளுக்குப் போய்ச்சேர்கிறது. ஆனால் அதற்குள் பயிற்சி பெற்ற ஒருவர் படத்தைப் பார்த்து, இது எண்ணெயாக இருக்கப் பெரிதும் சாத்தியமுள்ளது, இது அவ்வளவு இல்லாதது என்று தரம் பிரித்திருப்பார். பிறகு விமானமோ படகோ போய்ப் பார்க்கிறது. அண்மையில் நரம்பு வலைப்பின்னல்கள் என்னும் கணினி முறைகள் இந்தத் தரம்பிரிப்பில் மனிதனுக்கு ஈடாக வரத் தொடங்கிவிட்டன. லட்சணங்களை நாம் எழுதித்தர வேண்டியதுகூட இல்லை, பட்டையும் கோடுமாக அவையே கற்றுக்கொள்கின்றன. ஆயினும் மேலே போட்ட கணக்கிலிருந்து அவற்றுக்கும் விடுதலை இல்லை.

எங்கே என்பதற்குப் பிறகு எவ்வளவு என்ற கேள்வி வருகிறது. இதில்தான் ராடார் கிட்டத்தட்ட ஊமையாகிவிடுகிறது. விமானத்திலிருந்து கண்ணால் பார்ப்பவர்கள் எண்ணெயின் நிறத்தைக்கொண்டு தடிமனை மதிப்பிட ஒரு நிறவாய்பாடு வைத்திருக்கிறார்கள். வடகடல் நாடுகளின் ‘பான்’ ஒப்பந்தத்தின் பெயரால் அது வழங்குகிறது. வெள்ளி மினுக்காகத் தெரியும் படலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில் 0.04 முதல் 0.3 வரை, வானவில் நிறம் 0.3 முதல் 5 வரை. உலோகப் பளபளப்பு 5 முதல் 50 வரை. எண்ணெயின் சொந்த நிறமே தொடர்ந்து தெரிந்தால் 200-க்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் தடிமன் என்பது சரியாக ஆயிரம் லிட்டர். ஆகவே ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் படலம் நாற்பது லிட்டராகவும் இருக்கலாம், இரண்டு இலட்சம் லிட்டராகவும் இருக்கலாம். சாதாரண ராடார் படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு.

இந்தப் பெருக்கல் கணக்கு ஒருமுறை அரசியலையே உலுக்கியது. 2010 ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்ற துளையிடும் மேடை வெடித்துப் பதினொரு தொழிலாளர்கள் மாண்டபின், கடலடியிலிருந்து நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் எண்ணெய் கசிவதாக முதலில் அறிவிக்கப்பட்டது; பிறகு 5,000 என்றார்கள். ‘ஸ்கைட்ரூத்’ என்ற சிறு அமைப்பும், புளோரிடாவின் சமுத்திர விஞ்ஞானி ஐயன் மக்டொனால்டும், செயற்கைக்கோள் படங்களிலிருந்து படலத்தின் பரப்பை அளந்து, தடிமனைக் கூடியமட்டும் குறைத்தே வைத்துப் பெருக்கி, நாட்களால் வகுத்துப் பார்த்தபோது, 20,000 பீப்பாய்க்குக் குறைய வழியில்லை என்று கண்டார்கள். கிணறு 87 நாள் ஓடி அடங்கியபின் அரசாங்கமே நியமித்த விஞ்ஞானிகள் கண்ட முடிவு, தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாய் என்பது. மொத்தம் 49 இலட்சம் பீப்பாய் என்று அரசு சொல்ல, வழக்கில் நீதிமன்றம் 31.9 இலட்சம் என்று தீர்த்தது. அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுகிற நாட்டில், தடிமனைப் பற்றிய விவாதம் வெறும் விஞ்ஞான விவாதமாக நிற்பதில்லை.

நம் கரையிலும் இதன் சாயலைக் கண்டோம். 2017 ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலையில், எண்ணூரை அடுத்த காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற எரிவாயுக் கப்பலும் ‘டான் காஞ்சிபுரம்’ என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. சிந்தியது அற்பம் என்ற பேச்சோடு தொடங்கிய செய்தி நாளுக்கு நாள் வளர்ந்தது. எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கற்சுவர்களுக்கிடையே கட்டியாய்ப் படிந்த கரிய குழம்பை, மாணவரும் மீனவரும் கடலோரக் காவல் படையினரும் வாளிகொண்டு கைமாற்றி அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கும் வேலையை ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செய்கிறது. நீரோட்டத்தின் வேகம் முழுவதும், காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவும் சேர்ந்து படலத்தை இழுக்கும் என்பது இத்துறையின் நாட்பட்ட நடைமுறை விதி. கப்பல் மோதியது நமக்குத் தெரிந்திருந்தது; அதனால் தேடவேண்டிய அவசியம் இல்லாதிருந்தது. கரையோரமாகக் கடந்துபோகிற எத்தனையோ கப்பல்களில் எது இரவில் எதைத் திறந்துவிட்டது என்று தேடும் வேலைக்கு நம் நாட்டிலும் கருவி இருக்கிறது: 2022 பிப்ரவரியில் இஸ்ரோ ஏவிய ‘ஈ.ஓ.எஸ்.-04’ இதே இன ராடாரைச் சுமந்து பறக்கிறது. தினந்தோறும் பார்த்து, தரம்பிரித்து, அன்றன்றே படகை அனுப்பும் ஏற்பாடு ஐரோப்பாவைப்போல் இங்கும் ஊன்றவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படிப் பொறுமையோடு தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு, 2022-இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் 2014 முதல் 2019 வரை எடுத்த ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை உலகளாவிய முறையில் அலசி, நாலரை இலட்சம் எண்ணெய்ப் படலங்களை அதில் வரைபடமாக்கினார்கள். கடலடியில் இயற்கையாகவே ஊறும் எண்ணெயின் படலங்கள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும். மனிதன் கொட்டியவை கப்பற்பாதையை ஒட்டிச் சிதறிக் கிடக்கும். இந்த வேறுபாட்டைக்கொண்டு பிரித்ததில், மனிதன் பங்கு நூற்றுக்கு 94 என்று வந்தது. முன்பு இது 54 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. படலப் பரப்பில் பாதியளவு கரையிலிருந்து 38 கிலோமீட்டருக்குள்ளேயே கிடக்கிறது என்பதும் அதில் கண்டது. நம் விசைப்படகுகள் தொழில் செய்யும் தூரம் அது.

இந்த எண்ணிக்கையும்கூட ஒரு மாதிரிக் கணக்கே. செயற்கைக்கோள் ஓரிடத்துக்குத் திரும்பி வரச் சில நாட்களாகும். வரும்போதும் விடியல், அந்தி என்ற இரண்டு பொழுதுகளில்தான் வரும். மெல்லிய எண்ணெய்ப் படலமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கலைந்துவிடும். ஆகவே பார்த்தவற்றிலிருந்து பாராதவற்றை அனுமானிக்க வேண்டியிருக்கிறது. பார்த்தவற்றிலும் குற்றவாளியைக் கண்டுபிடிக்க, படலத்தைக் காற்றும் நீரோட்டமும் வந்த வழியே பின்னோக்கி நகர்த்தி, கப்பல்கள் தாமாகவே ஒலிபரப்பும் இருப்பிடச் செய்திகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போன நான்கு கப்பல்களில் ஒன்றுக்குச் சாத்தியம் அதிகம் என்று சொல்லலாமே தவிர, அந்த ஒலிபரப்புக் கருவியை அணைத்துவிட்டுச் சென்ற ஐந்தாவது கப்பல் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வழக்கு நிற்க வேண்டுமானால், கடலிலிருந்து எடுத்த எண்ணெயும் கப்பலின் தொட்டியிலிருந்து எடுத்த எண்ணெயும் ஒன்றே என்று ரசாயனச் சோதனை காட்டுவது பெரும்பலம். அந்த எண்ணெயைக் குப்பியில் பிடித்துவர, படலம் கலையுமுன் ஒருவர் படகேறிப் போயாகவேண்டும்.